பெட்டி ஸ்டார்ட் ஆகவில்லை

அக். 2, வியாழன். விஜயதசமி.

வெயில். காற்று சுத்தமாக இல்லை. துணி காயப்போட்டு முடிக்கும்போது மணி ஒன்பதரை.

கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை.

நேற்று ஆயுத பூஜை என்று நாள் முழுக்க அதற்கு ஓய்வு. இன்று பூவை எடுத்து, பொட்டைத் துடைத்து, கும்பிட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. பச்சை விளக்கும் வந்தது. நாலு விநாடி இருக்கும், எல்லாம் அணைந்துவிட்டது. அப்புறம் எத்தனை தடவை அழுத்தியும் ஒன்றுமில்லை. சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை.

பயம் வந்தால் தெரிந்ததையே வரிசையாக எழுதுவது என் பழக்கம். எழுதுகிறேன்.

1. வரும் செவ்வாய் காலை பத்து மணிக்குக் கடைசித் தேர்வு. மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து நோய்க்கு ஏற்ற எண்ணைப் போடுகிற வேலை. வீட்டிலிருந்தே. இதுவரை தற்காலிகம். தேறினால் நிரந்தரம்.

2. இந்தப் பெட்டியில்தான் எழுத முடியும். சென்னை ஆபீசில் பதிந்து வைத்திருப்பது இதைத்தான். இரவல் லேப்டாப் செல்லாது.

3. நான் நிரந்தரமானால் என் வீட்டுக்காரர் மீன்பிடி போட்டு ஓட்டுவதை விட்டுவிடுவார். ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கிற வேலை காத்திருக்கிறது. வருமானம் குறைவு, மீதிக்கு என் சம்பளம். பத்தாம் தேதி வரைதான் இடத்தை வைத்திருப்பேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

4. தேறாவிட்டால் அவர் கடலுக்கு.

நாலாவதை எழுதும்போது பேனா வழுக்குகிறது. போன வருஷம் எல்லை தாண்டினார் என்று நேவிக்காரர்கள் அவரைப் போட்டோடு பிடித்துக்கொண்டு போய் முப்பத்தெட்டு நாள் அந்தக் கரையில் வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று இந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லை. எழுதத் தெம்பில்லை.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். சொன்னேன். எட்டிப் பார்த்தார்.

"சரி விடு. போனாப் போகுது. ஒடம்பக் கெடுத்துக்காத."

அவ்வளவுதான். ரசம் ஊற்றச் சொன்னார். முகத்தில் கவலையே இல்லை. லேசாக இருந்த மாதிரிகூட இருந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ.

பார்த்தவை: ப்ளக் சரி. வயர் மாற்றியாயிற்று. யு.பி.எஸ். இல்லாமல் நேராகக் கொடுத்தும் ஆயிற்று. பட்டன் சரி, அழுத்தினால் உள்ளே போகிறது.

பாப்பா திருமயத்திலிருந்து போன். காலாண்டு லீவுக்கு அம்மா வீட்டில் இருக்கிறாள். கோட்டைக்குப் போனாளாம். நல்லவேளை இங்கே இல்லை, என் எரிச்சலெல்லாம் அவள் மேல் போயிருக்கும்.


அக். 3, வெள்ளி

வெயில். நேற்றைவிட மோசம்.

டீம் லீடர் நித்யா மேடத்துக்குப் போன் செய்தேன். என்னைவிட ஆறு வயது சின்னவள். மேடம்தான்.

"செவ்வாய்க்கிழமையைத் தள்ளி வைக்க முடியாது கலா. இந்த பேட்ச்சுல இல்லைன்னா அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தான். எங்க சர்வீஸ் கொடுத்திருக்கீங்க?"

"நானே அசெம்பிள் பண்ணதுங்க மேடம்."

"ஓ" என்றாள். அந்த ஓவை இன்னும் மறக்க முடியவில்லை.

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணமேல்குடி. இரண்டு மீன் கூடை, ஒரு சைக்கிள் டயர், நான், பெட்டி. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. ப்ளக்கைச் சொருகிப் பட்டனை இரண்டு தட்டு தட்டினார்.

"மதர்போர்டு போச்சுக்கா. உப்புக் காத்து. கடக்கரை ஊர்ல இதெல்லாம் நிக்காது. யாரு போட்டுக் குடுத்தா?"

"நான்தாங்க."

"ஒங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்."

அவர் வந்து என்ன பேசுவார்? அவருக்கு மதர்போர்டு எது, மானிட்டர் எது என்றே தெரியாது. திருச்சிக்கு மூன்று தடவை பஸ்ஸில் போய் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்தவள் நான். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பிராசசரை உட்கார வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டவளும் நான். உப்புக் காற்றுக்குப் பயந்து தினமும் பழைய நைட்டியால் மூடி வைக்கிறேன். கோபத்தில், கடைக்காரர் ஒரு வாரம் விட்டுப் போகச் சொன்னதையும் கேட்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போது கோபம் இறங்கிப் பயம் ஏறிவிட்டது. ஒருவேளை கடைக்காரர் சொன்னதுதான் சரியென்றால்?

நாளை அவர் கடலுக்கு. தூக்குச் சட்டி கழுவி வைக்க. புளிச்சோறு.


அக். 4, சனி

மேகம். காலை ஆறே காலுக்குப் போனார். வழக்கம்போல வாசலில் நின்று, "வாரேன்" என்றார். போகிறேன் என்று சொல்லவே மாட்டார்.

இன்று முழுக்கப் பெட்டியோடுதான்.

பக்கக் கதவைத் திறக்கப் போனேன். பின்னால் இரண்டு திருகு. பிளாஸ்டிக் தலை, விரலாலேயே கழற்றலாம். ஒன்று வந்தது. இன்னொன்று வரவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்தும் வரவில்லை. கடைசியில் கட்டிங் பிளேயர்.

நான் இவ்வளவு இறுக்க மாட்டேன். என் விரலுக்கு அந்த பலம் கிடையாது.

அதை அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

— ரேம் கழற்றி, ரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டியாயிற்று. இல்லை.

— ரவுண்டு பேட்டரி கழற்றிப் பத்து நிமிஷம். இல்லை.

— கிராபிக்ஸ் கார்டு இல்லாமல். இல்லை.

— எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக எடுத்து, ஊக்கை நிமிர்த்திப் பச்சை வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவில் கொடுத்தேன். வீடியோவில் பார்த்ததுதான். ஃபேன் சுற்றியது! கரண்ட் கொடுக்கிற பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

இருபது நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது. அது நன்றாக இருந்தால் மிச்சம் மதர்போர்டுதான். கடைக்காரர் சொன்னதுதான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. அந்தத் திருகே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. என்ஜின் போல்ட்டு இறுக்குகிற கை. அவரைத் தவிர இந்த வீட்டில் அப்படிக் கை யாருக்கு? வியாழக்கிழமை அந்த முகம். "போனாப் போகுது."

ஐஸ் கம்பெனிப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் சரி சரி என்பார். அடுத்த நிமிஷம் வலையைப் பற்றிப் பேசுவார். அவருக்குக் கடலை விட மனசில்லை. எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தேர்வு, வேலை, பத்தாம் தேதி என்று ஒவ்வொன்றாக வேலி போட்டேன்.

அவர் செய்திருப்பாரா? சீ. எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன், கிழிக்கப் போவதில்லை.


அக். 5, ஞாயிறு

மழை தூறி நின்றது. கசகசப்பு.

காலை ஐந்துக்கே, போட்டுகள் வந்து அணைகிற பாலத்துக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா அங்கே இருந்தாள். அவள் வீட்டுக்காரரும் எங்கள் போட்டில் கூலிக்குப் போகிறவர். ஏலக் கூடத்துப் பக்கம் ஒரே பேச்சு.

"நேவிக்காரன் ரெண்டு போட்ட மறிச்சுட்டானாம்."

"எந்த ஊர்ப் போட்டு?"

"தெரியலயாம். நம்ம பக்கந்தான்னு சொல்றாக."

மல்லிகா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாளா, நான் பிடித்தேனா தெரியவில்லை. ஏழே முக்காலுக்கு எங்கள் போட்டின் பச்சை முகப்பு தெரிந்தது. மறித்தது வேறு ஊர்ப் போட்டாம். வேறு ஊர் என்றதும் எல்லாரும் பெருமூச்சு விட்டோம். அந்த ஊரிலும் பாலத்தில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அழுகை வர வேண்டியது, கோபமாக வந்தது. குளித்துவிட்டு அவர் தட்டில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"பெட்டிய நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்க."

"எந்தப் பெட்டி?"

"நடிக்காதீங்க. அந்தத் திருகு யாரு இறுக்கினது? எனக்கு வேலை கெடைச்சுட்டா நீங்க கரைல கெடக்கணும். அதானே?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"நான் ஒண்ணும் பண்ணல."

"சத்தியமா?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். சத்தியம் பண்ணவில்லை. பத்து வருஷத்தில் தட்டிலிருந்து பாதியில் எழுந்து நான் பார்த்ததில்லை. நண்டுக் குழம்பு வீணாயிற்று.

தேர்வுக்கு இன்னும் ஒரு நாள். படிக்கவும் முடியவில்லை. மனப் பதற்றத்துக்கு ஒரு எண், தூக்கமின்மைக்கு ஒரு எண், குடும்பத் தகராறுக்கு ஒரு எண். எனக்கே ஒரு சீட்டு எழுதலாம்.


அக். 6, திங்கள்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

காலையில் போட்டுகள் கிளம்பும் சத்தத்தில் விழித்தேன். பக்கத்தில் அவர் இல்லை. போய்விட்டார், வாரேன்கூடச் சொல்லாமல் போய்விட்டார் என்று நினைத்தேன். எழுந்து வந்தால் முன் அறையில் பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். டூல்ஸ் பை பக்கத்தில்.

"கடலுக்குப் போகலயா?"

"கூட வர்ற கண்ணன ஓட்டச் சொல்லிட்டேன். நீ இங்கிட்டு வா. இது எப்புடி ஸ்டார்ட் ஆகுதுன்னு சொல்லு."

நேற்றைய பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் எடுக்கத் துணிச்சல் இல்லை. சொன்னேன். கரண்ட் இங்கே வரும், இது போர்டு, இது ரேம். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"இந்தப் பட்டனுக்கு வயர் எங்க போகுது?"

"அது சரியாத்தான் இருக்கு. அழுத்துனா உள்ள போகுது."

"போட்டுல மொதல்ல சாகுறது சுவிட்சுதான் புள்ள. டீசலும் இருக்கும், பேட்டரியும் இருக்கும், சுவிட்சு செத்துருக்கும். நடுக்கடல்ல என்ன பண்ணுவோம்? சுவிட்ச விட்டுட்டு ஸ்குரூ டிரைவர நேரா வச்சு இழுப்போம். எங்க போகுது, காட்டு."

போர்டின் ஓரத்தில் இரண்டு சின்ன ஊசிகளைக் காட்டினேன். பட்டனின் வயர் அதில்தான் சொருகியிருக்கிறது. அதைப் பிடுங்கிக் கீழே போட்டார். ஸ்குரூ டிரைவரை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேணாங்க. தப்பாப் பட்டா போர்டு போயிரும்."

"செத்துருச்சுன்னு நீதானே சொன்ன. செத்தது இன்னொரு தடவ சாகுமா?"

ஊசி இரண்டையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு தொடு தொட்டார்.

ஃபேன் சுற்றியது. நான் எண்ண ஆரம்பித்தேன். நாலு. ஐந்து. பத்து. இருபது. நிற்கவில்லை. மானிட்டரில் வெளிச்சம். பாஸ்வேர்டு கேட்டது. தப்பாக அடித்தேன், திரும்பவும் தப்பாக அடித்தேன், கண்ணில் தண்ணீர், எழுத்தே தெரியவில்லை.

அவர் அதற்குள் முன்பக்கப் பட்டனை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அழுத்தினால் உள்ளே போகிறது, முழுசாக வெளியே வரவில்லை. சுற்றி இருந்த இடுக்கில் மஞ்சளாக, சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. விரலை மோந்து பார்த்தார்.

"சந்தனம்."

என் உயிரே போய்விட்டது. வழக்கமாக வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவர் அவர். இந்த வருஷம் நான் விடவில்லை. என் ஆயுதம், நான்தான் வைப்பேன் என்று பன்னீர் விட்டுக் குழைத்துக் கட்டியாக வைத்தேன். பெட்டியின் முன்பக்கத்தில் பொட்டு வைக்கிற மாதிரி வட்டமாக இருந்த இடம் அது ஒன்றுதான். துடைத்தபோது மேலே இருந்தது போயிற்று, இடுக்கில் போனது காய்ந்துவிட்டது. நான் அழுத்திய பட்டன் பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பெட்டி நாலு விநாடியில் அணைந்துவிடும், அது எனக்குத் தெரிந்த விஷயம். ஐந்து நாளாக ஒரு கண்ணுக்குத் தெரியாத விரல் அதை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வைத்த விரல்.

"நாங்க என்ஜினுக்குத்தான் பொட்டு வைப்போம். சுவிட்சுக்கு வைக்க மாட்டோம்" என்றார். சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நேத்து அப்படிப் பேசிட்டேன்" என்றேன். "மன்னிச்சிருங்க."

"விடு விடு. போய்ப் படி."

எழுந்து போய்க் கிணற்றடியில் வெகு நேரம் கை கழுவினார்.

சந்தேகப்பட்டேனே. தாலி கட்டியவரை, ஒரு திருகை வைத்து. இன்று முழுக்க அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.


அக். 7, செவ்வாய்

மூட்டம். இடி தூரத்தில்.

பட்டனை வெந்நீரில் பஞ்சு நனைத்துத் துடைத்துச் சரியாக்கிவிட்டார். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வயரை மாட்டவே விடவில்லை. ஒன்பதரைக்கு அவரையே ஸ்குரூ டிரைவரோடு நிற்கவைத்து, "ம்" என்றேன். தொட்டார். வந்தது.

பத்து மணி. தேர்வு தொடங்கியது. நாற்பது சீட்டு.

பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. அது பத்து நிமிஷம் தாங்கும், அதற்கு மேல் போகாது. இருபத்து நாலாவது சீட்டில் இருக்கிறேன். கிழவர் ஒருவர், இடுப்பு முறிவு, சர்க்கரை. எண் எல்லாம் மறந்துவிட்டது. வாசலில் அவர் யாரிடமோ போனில் கத்துகிறார், "அண்ணே, எம் பொண்டாட்டி பரிட்சை எழுதுறாண்ணே!" எட்டாவது நிமிஷம் கரண்ட் வந்தது. அவர் சொல்லி வந்ததா, தானாக வந்ததா தெரியாது. அவர் சொல்லித்தான் என்று வைத்துக்கொண்டேன்.

முடிந்தது. மூன்று சீட்டில் சந்தேகம். நாலாகவும் இருக்கலாம். முடிவு வியாழன்.

பாப்பா வந்துவிட்டாள். கறுத்துப் போயிருக்கிறாள்.


அக். 9, வியாழன்

மழை. மத்தியானத்திலிருந்து விடாமல்.

நாலு பத்துக்கு மெயில். தேறிவிட்டேன். நிரந்தரம். நித்யா மேடம் போன் செய்து, "அசெம்பிள்டு சிஸ்டம் ஓடிடுச்சு போல" என்றாள். நல்ல பெண்தான்.

அவரிடம் மெயிலைக் காட்டினேன். இங்கிலீஷ் படிக்க மாட்டார், ஆனாலும் கடைசி வரி வரை பார்த்தார்.

"சந்தோஷம் புள்ள. நாளைக்கே ஐஸ் கம்பெனிக்குப் போய்ச் சொல்லிடுறேன்."

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"அந்தத் திருகு எப்படிங்க அவ்வளவு இறுகிச்சு?"

மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"பூஜை அன்னைக்கு நீ கோயிலுக்குப் போனீல்ல. அப்பத் தெறந்தேன்."

"எதுக்கு?"

"ஏதாச்சும் ஒரு வயரப் புடுங்கி விட்டுருவோமான்னு."

"அப்புறம்?"

"எதப் புடுங்குறதுன்னு தெரியல. மூடிட்டேன்."

"தெரிஞ்சிருந்தா?"

"அதக் கேக்காத."

கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது, உச்சந்தலை வரை வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேனே, அப்போது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்? கேட்டேன்.

"வெக்கமா இருந்துச்சு" என்றார். "ஞாயித்துக்கெழம பாலத்துல ஒன் மூஞ்சியப் பாத்தேன். மல்லிகா கையப் புடிச்சுக்கிட்டு நின்னியே. வருசக்கணக்கா அப்புடித்தான் நின்னுருக்க. நான் இப்பத்தான் பாத்தேன்."

கோபம் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. ராத்திரிக்குத் தோசை ஊற்றினேன். அவருக்கு ஐந்து.


அக். 11, சனி

மழை விட்டிருக்கிறது. வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். துணி காயாது.

அவர் ஐஸ் கம்பெனியில் சேர்ந்து இரண்டாவது நாள். எட்டு மணிக்குப் போனால் போதும். ஆனால் ஐந்தரைக்கே எழுந்து கொல்லைப்படியில் உட்கார்ந்திருக்கிறார். டீ கொண்டுபோனேன். பாலத்தில் போட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"அந்தா, அது நம்மது" என்றார்.

எனக்கு எல்லாம் ஒரே சத்தம்.

"தட்டுது கேக்குதா? தண்ணிப் பம்பு. கண்ணனுக்கு அது தெரியாது. சூடு ஏறி நடுவுல நிக்கும்." போனை எடுத்துக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். என்ஜின் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது. மூன்றாவது தடவை தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று வந்தது. போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சத்தம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயைத் தொடவில்லை.

மல்லிகா அக்கா வீட்டுக்காரரும் அதில்தான். நாளைக் காலைதான் திரும்பும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். படி ஈரம், புடவை நனைந்தது. பார்வையைத் திருப்பாமலே கேட்டார்.

"நீ பாலத்துக்கு எத்தன மணிக்குப் போவ?"

"அஞ்சுக்கு. சில நாள் நாலரைக்கே."

"அவ்வளவு நேரம் என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்றதில்லைங்க. நிப்பேன்."

தலையாட்டினார்.

"நாளைக்கு நானும் வாரேன்."